ஒரு மணி முப்பத்தொன்றில் நிறுத்தவும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு அட்டைப்பெட்டியில் கிடைத்தது. தரிசனம், உள்ளுந்துதல், நெஞ்சை ஏதோ பிசைந்தது என்றெல்லாம் சொல்லத்தான் ஆசை. பேட்டி எடுக்க வருகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: பழைய டிஸ்க் விற்கிற கடை, மூலையில் கயிறு கட்டிய ஒரு பெட்டி, அதைச் சுமந்து வந்ததில் எனக்கு மூன்று நாள் இடுப்புவலி.

நான் போனது வேறு காரியத்துக்கு. 'வீட்டில் குடும்பத்தோடு பார்க்கப் பத்து நகைச்சுவைப் படங்கள்' என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். எனக்குப் பத்து நகைச்சுவைப் படங்கள் தெரியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து எதையும் பார்த்த பழக்கமும் கிடையாது. கட்டுரை எழுத இந்த இரண்டு தகுதிகள் தாராளம் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கடைக்காரருக்கு 'உலகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தப் படத்தைக் கேட்டாலும் "உலக அளவுல பார்த்தீங்கன்னா" என்றுதான் தொடங்குவார். டிஸ்க்கை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எது டிராமா, எது காமெடி என்பதை டப்பாவின் பின்பக்கம் படித்து முடிவுசெய்ய மாட்டார். திருப்பிக் கொண்டுவருகிறவரின் முகத்தைப் பார்ப்பார். முகம் தொங்கியிருந்தால் டப்பாவில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார், டிராமா. மலர்ந்திருந்தால் மஞ்சள், காமெடி. "விமர்சகன் பொய் சொல்லுவான் சார். மூஞ்சி சொல்லாது" என்பது அவருடைய அழகியல் கோட்பாடு. இதைவிட மட்டமான கோட்பாடுகளுக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் நான் எதிர்த்துப் பேசவில்லை.*

பெட்டியில் நாற்பத்தொரு டிஸ்க். நாற்பத்தொன்றிலும் சிவப்புப் பொட்டு. இதில் ஒரு காமெடிகூட இல்லையா என்று கேட்டேன்.

"கொண்டுவந்து குடுத்த ஆளோட மூஞ்சியைப் பார்த்திருந்தா நீங்க இப்படிக் கேக்க மாட்டீங்க சார். பூட்டின கடை மாதிரி இருந்துச்சு."

பிரித்துத் தர மாட்டேன், எடுத்தால் மொத்தமாக எடுங்கள் என்றார். எடுத்தேன். வீட்டுக்கு வந்து முதல் டப்பாவைத் திறந்தால் டிஸ்க்குக்கு அடியில் ஒரு சீட்டு. நீலப் பேனா, அழுத்தமான எழுத்து:

'1:31. பெரியவர் இருமுகிறார். நிறுத்தவும்.'

இரண்டாவது டப்பாவில்: '1:18. கடிதம் வருகிறது. நிறுத்தவும்.' மூன்றாவதில்: '1:44. டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார். நிறுத்தவும்.'

நகைச்சுவைக் கட்டுரை அத்தோடு போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

(* பின்னால் தோன்றியது: அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு நேரே கடைக்கு வந்தவர்கள் எத்தனை நல்ல காமெடிகளை டிராமா ஆக்கியிருப்பார்கள்?)

2

சீட்டுகளை எழுதியவரைக் கண்டுபிடிக்க நான் துப்பறியவெல்லாம் இல்லை. ஒவ்வொரு சீட்டும் ஒரு அச்சடித்த படிவத்தைக் கிழித்தது. எழுத்து இருந்தது படிவத்தின் வெற்றுப் பக்கத்தில். மறுபக்கத்தில் 'கோளாறு', 'எடுத்த நடவடிக்கை' என்று இரண்டு கட்டங்கள். அதே படிவம் எங்கள் கட்டட லிப்டுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அதே நீலப் பேனா, அதே அழுத்தம்: 'பிரேக் சரிபார்த்தேன். கதவு சரிபார்த்தேன்.' மாதம் ஒரு முறை வருகிற லிப்ட் மெக்கானிக். ஒன்பது வருடமாக அவரை எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் 'ஒர்க் ஆகுதா?' 'ஆகுது சார்' என்பதைத் தாண்டி, போன மாதம் வரை, நாங்கள் பேசியதில்லை.

இனிக் கதை எழுத வேண்டியதுதான். தொடக்கம் கேட்டது.

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர்'

விட்டுவிட்டேன். மழை பெய்யவில்லை. எழுத்தாளனுக்கு எதுவும் தோன்றாத நாளில்தான் கதைகளில் மழை பெய்கிறது.

இரண்டாவது: 'மனிதன், முடிவுகளைத் தள்ளிப்போடும் ஒரே விலங்கு.'

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தபோது எனக்கே என்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. முடிவுகளைத் தள்ளிப்போடுவதில் எங்கள் கட்டடச் சங்கத்தை மிஞ்சிய விலங்கு கிடையாது.

மூன்றாவது, கொஞ்சம் நேர்மையானது: 'லிப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கான படங்களைப் பன்னிரண்டாவது மாடிக்கும் மேலே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்.'

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

லிப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கான படங்களைப் பன்னிரண்டாவது மாடிக்கும் மேலே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். மொட்டை மாடியின் மேல் ஒரு இயந்திர அறை உண்டு. மோட்டார், சக்கரம், அதன் மேல் ஓடுகிற இரும்பு ரோப், மசகெண்ணெய் வாடை. மதியம் சாப்பாட்டு டப்பாவை முடித்துவிட்டு, மூடியில் திரை உள்ள ஒரு குட்டி பிளேயரைக் கருவிப் பையிலிருந்து எடுப்பார். கீழே யார் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் உறுமும். வசனம் ஒன்றும் காதில் விழாது. அதனால் முகங்களை மட்டும் பார்ப்பார், வேகமாக ஓட்டி ஓட்டி. எங்கே முகம் கோணத் தொடங்குகிறதோ அந்த நிமிடத்தைச் சீட்டில் எழுதுவார். அதற்கு மேல் அவரும் பார்ப்பதில்லை.

இரும்பு ரோப்பில் இத்தனை இழை அறுந்தால் மாற்ற வேண்டும் என்று தொழிலில் ஒரு அளவு இருக்கிறது. படத்தில் எத்தனை இருமலுக்கு நிறுத்துவது என்பதற்கு அவரே ஒரு அளவு வைத்துக்கொண்டார். ஒன்று.

காரணம் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் இருந்தது. மனைவிக்குக் கணையத்தில் கட்டி. மூன்று சுற்று மருந்து ஏறி முடிந்த பிறகு வந்த அறிக்கையை வைத்துக்கொண்டு டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். இனி மருந்தால் பிரயோஜனம் இல்லை, இரண்டு மாதம், மூன்று மாதம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். "வீட்ல வச்சு சந்தோஷமாப் பார்த்துக்கங்க. நல்ல படம் ஏதாவது போட்டுக் காட்டுங்க." டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, மருந்து வேலை செய்கிறது, கட்டி குறைந்திருக்கிறது, முழுதாகக் குணமாகக் கொஞ்சம் தாமதமாகும் என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனைவி இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு மைக், ஒரு தண்ணீர்ப் பாட்டில். எந்த வண்டி தாமதம், எந்த வண்டி ரத்து என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள். தாமதத்துக்கு ஒரு குரல், ரத்துக்கு ஒரு குரல், இரண்டும் வேறு என்று அவளே கணவனிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள், நடித்தும் காட்டியிருக்கிறாள். அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் அவர் அன்றைக்கு இல்லை.

4

முதல் மூன்று நாளும் காமெடி. 'உலகம்' கடையில் மஞ்சள் பொட்டாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மனைவிக்குச் சிரிப்புப் படம் அவ்வளவாகப் பிடிக்காது, அழுகைப் படம்தான். மூன்றாம் நாள் அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, வரிசையா சிரிப்பாவே வருது? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

நாலாம் நாள் டிராமா வந்தது.

அவர் சிக்கல் இப்போது புரிந்திருக்கும். காமெடியாகவே போட்டால் சந்தேகம் வரும். டிராமா போட்டால் கடைசியில் யாராவது கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். இரண்டுக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த வழிதான் சீட்டு. மாலை ஏழு மணிக்குப் படம். அவள் சோபாவில், முதுகுக்கு இரண்டு தலையணை. இவர் பக்கத்து நாற்காலியில், ரிமோட் தொடைக்கு அடியில். ஒரு மணி முப்பத்தொன்றாவது நிமிடம் வந்ததும் அவளுக்குத் தெரியாமல் அழுத்துவார்.

"டிஸ்க்ல கீறல்."

பிறகு முடிவை அவரே சொல்வார். இந்தப் படத்தை முன்னாலேயே யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று ஆரம்பிப்பார். பெரியவருக்கு இருமல் நின்றுவிடும். கடிதத்தில் வேலை கிடைத்த சேதி இருக்கும். கோபித்துக்கொண்டு போனவன் பழங்களோடு திரும்பி வருவான். வாழ்நாளில் கதை என்று ஒன்று சொல்லாத மனுஷன், ஒரு மாதத்தில் இருபது முடிவுகளைக் கட்டினார். அரைக் கிணறு தாண்டியவன் கதை தெரியும்; இவர் பாதிக் கிணறு தாண்டி, மீதியை வாயாலேயே தாண்டினார்.

மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். "பழமா கொண்டு வர்றான்?" என்பாள். "நல்ல பையன்."

ஒரே ஒரு தொந்தரவு. அந்த வீட்டு பிளேயர், டிஸ்க் நின்ற இடத்தை ஞாபகம் வைத்திருக்கும் வகை. மறுநாள் போட்டால் நிறுத்திய இடத்திலிருந்து ஓட வேண்டும். ஆனால் மறுநாள் மாலை இவர் அதை இயக்கினால், உள்ளே கிடக்கும் நேற்றைய படம் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒரு நாள் இல்லை, தினமும்.

லிப்டுக்கும் இப்படி ஒன்று வரும். மின்சாரம் போய் வந்தால் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. மெதுவாகக் கீழ்த்தளம் வரை போய்த் தன்னைத் தேடிக்கொள்ளும். ஆக இது மின்சாரக் கோளாறு என்று மெக்கானிக் முடிவு கட்டினார். ஒரு ஞாயிறு காலை தரையில் செய்தித்தாள் விரித்து, பிளேயரைத் திறந்து, திருகுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தார். வயரை மாற்றினார். சுவரில் இருந்த பிளக்கையே மாற்றினார்.

மனைவி சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பழசாயிடுச்சு. விடுங்க."

"மறதி சும்மா வராது. எங்கியோ லூஸ் இருக்கு" என்றார்.

அவருக்கு லூஸ் அகப்படவில்லை.

(வாசகர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். மெக்கானிக் என்பவர் மிஷினில்தான் கோளாறைத் தேடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.)

5

காமெடிகளை அவர் சோதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வரும். காமெடிதானே, என்ன ஆகிவிடப்போகிறது. அதற்கும் ஒரு சீட்டு வைப்பார், கை பழகிப்போய்: 'காமெடி. சரிபார்த்தேன்.' பார்க்காமலேயே சரிபார்த்தேன் என்று எழுதியது அவர் சர்வீஸில் அதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஒரு குண்டு குமாஸ்தா. உனக்கு மூன்று மாதம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்கள். அவன் மேலதிகாரியின் வழுக்கையில் மையைக் கொட்டுகிறான், பக்கத்து வீட்டுக்காரியிடம் காதலைச் சொல்கிறான், தன் சவப்பெட்டிக்கு அளவு கொடுக்கப் போய்த் தச்சனோடு சண்டை போடுகிறான். கடைசியில் பார்த்தால் அறிக்கை மாறிவிட்டது. அது வேறு யாருடையதோ.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததுமே மெக்கானிக் தொடைக்கு அடியில் ரிமோட்டைத் தேடினார். காமெடி என்பதால் அன்றைக்கு ரிமோட் டி.வி.யின் மேலேயே கிடந்தது. எழுந்து போய் எடுக்கவும் முடியாது, எடுத்தால் தெரிந்துவிடும். நிறுத்த வேண்டிய ஒரு படம் முதல் முறையாக அந்த வீட்டில் கடைசிவரை ஓடியது.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மை கொட்டுகிற இடத்துக்கு அவரும் சிரித்துவிட்டார். படம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்போ அந்த ரிப்போர்ட் யாரோடது?"

"எது?"

"மாறிப்போச்சுல்ல, அது. நிஜமாவே அந்த மூணு மாசம் யாருக்கு? அந்த ஆளைக் காட்டவே இல்லையே."

"காமெடிம்மா. அதெல்லாம் காட்ட மாட்டாங்க."

அவள் கொஞ்ச நேரம் திரையில் ஓடுகிற பெயர்களைப் படித்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"நம்ம ரிப்போர்ட்டும் அப்படி மாறியிருக்குமோ? குறைஞ்சிருக்குன்னு வந்தது வேற யாரோடதாவது இருந்தா?"

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன், இரண்டு நாள். ஏனென்றால் இதுதான் கதவு. அவளே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் உள்ளே காலை வைத்தால் போதும். முதல் பிரதியில் அவரை உள்ளே அனுப்பினேன்: 'அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு'

இல்லை. பற்றவில்லை. நடந்தது இது:

"சேச்சே. என்ன பேச்சு இது? நான் பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"பேரைப் பார்த்தீங்கல்ல?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

"அப்ப சரி" என்றாள்.

6

அதன் பிறகு பதினைந்து படம் ஓடியது. எல்லாம் டிராமா, எல்லாம் முடிவுக்கு முன்னால் நின்றவை. கடைசிப் பத்து நாளில் அவளால் எழுந்து நடக்க முடியவில்லை, சோபாவிலேயே படுக்கை.

அந்தப் பத்து நாளில் ஒரு விஷயம் நடந்தது. பிளேயர் சரியாகிவிட்டது. மாலையில் இயக்கினால், நேற்று நிறுத்திய அதே நிமிடத்தில், அதே இருமலில் படம் எழுந்து நின்றது. மெக்கானிக்குக் கொள்ளை சந்தோஷம்.

"பார்த்தியா? தானாவே சரியாயிடுச்சு. நான் மாத்தின வயர்தான்."

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், அவர் வேறொரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாலு பேரை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட காட்சிகளை எழுதி விருது வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து நாற்பத்தொரு டிஸ்க்கையும் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி 'உலகம்' கடையில் இறக்கினார். உலகம் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்பது காமெடியிலும் மஞ்சள் பொட்டைப் பிய்த்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். கோட்பாடு என்றால் கோட்பாடு. அந்த ஆளைப் பற்றி முதல் தடவையாக எனக்கு மரியாதை வந்தது.

போன மாதம் மெக்கானிக் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். சீட்டுகளைப் படித்திருந்ததால் நான் வேண்டுமென்றே லிப்டுக்குள் ஏறிக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் கேள்வி. அவர் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார், எழுதுவதை நிறுத்தவில்லை. நாலாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, மேலே நான் சொன்ன முக்கால்வாசியையும் சொல்லிவிட்டார். மீதிக் கால்வாசி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.

கதவு திறந்தது. வெளியே போகாமல் காலால் தடுத்துக்கொண்டு நின்றார்.

"அவளே கேட்டா சார். வாய்விட்டுக் கேட்டா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். பேரைப் பார்த்து வாங்கினேன்னு சத்தியம் பண்ணாத குறையா... நம்பிட்டா. நம்பிக்கிட்டே போயிட்டா."

லிப்ட் கதவு அவர் பூட்ஸில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.*

(* லிப்ட் இங்கே எதற்குக் குறியீடு என்று ஆராயப்போகும் நண்பருக்கு: லிப்ட் என்பது லிப்ட். மேலே போகும், கீழே வரும்.)

7

நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். முழுப் பூசணிக்காயை மறைக்கிற கலையை அந்த மனுஷனிடமிருந்தே கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் மறுபக்கத்தில் அச்சடித்த கட்டங்கள் இருந்தன என்றேன். அவை காலியாக இருந்தன என்று சொல்லவில்லை.

'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்துக்குள் பென்சிலில், சிறிய, நேரான, வேறொரு கையெழுத்து. '1:31. பெரியவர் இருமுகிறார்' என்ற சீட்டின் பின்னால்:

'பார்த்தேன். அவருக்கு வெறும் சளிதான். கடைசியில் பேத்திக்குக் கல்யாணம் நடக்கிறது, இவர் தாளம் போடுகிறார். வீணாக நிறுத்திவிட்டீர்கள்.'

'1:18. கடிதம் வருகிறது': 'பார்த்தேன். வேலை இல்லை, சாவுச் செய்திதான். ஆனால் அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். நன்றாக இருந்தது.'

'1:44. டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார்': 'பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான்.'

இன்னொன்று: 'பார்த்தேன். சாகிறான். பழமெல்லாம் கொண்டுவரவில்லை. நீங்கள் சொன்ன முடிவு இதைவிட நல்லது.'

அவர் வேலைக்குப் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், அவள் எழுந்து பொத்தானை அழுத்தியிருக்கிறாள். நின்ற இடத்தை மிஷின் காட்டியிருக்கிறது. மீதியைப் பார்த்திருக்கிறாள், எழுதியிருக்கிறாள், சீட்டை எப்படி இருந்ததோ அப்படியே, நீல எழுத்து மேலே தெரிய, டப்பாவில் செருகியிருக்கிறாள். படம் முடிந்துவிட்டதால் பிளேயர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அதற்காக ஒரு மனுஷன் சுவர் பிளக் வரைக்கும் கழற்றினார்.

என் பிரதியில் அதுவரை அவள் சோபாவில் படுத்திருக்கும் ஒரு நோயாளி. கேட்டுக்கொண்டிருப்பாள், தலையாட்டுவாள். இப்படி ஒரு பெண்ணை எழுதிவிட்டோமே, இவளுக்கு ரத்தமே இல்லையே என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சீட்டைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது, ரத்தம் இல்லாதது யாருக்கு என்று. முடிவைப் பார்க்கப் பயந்தவர் ஒருவர்தான். மற்றவர் அவருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காமெடியின் சீட்டும் இருந்தது. 'காமெடி. சரிபார்த்தேன்.' அதன் பின்னால், கட்டத்துக்கு வெளியேயும் வழிந்து:

'அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். தாழ்வாரத்திலிருந்து வந்து தாமதம் என்று சொன்னீர்களே, அன்றைக்கே தெரியும், அது ரத்துக் குரல். நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் சிரித்தது நிஜமாகத்தான் சிரித்தேன்.'

கடைசிப் பத்துச் சீட்டுகளில் நீலப் பேனா மட்டும் இருக்கிறது. பென்சில் கட்டம் காலி.

8

இனி முடிவு. மெக்கானிக் இந்தச் சீட்டுகளின் மறுபக்கத்தைப் பார்த்ததில்லை. முடிந்த படத்தை மறுபடி புரட்டுகிறவர் இல்லை அவர். பெட்டியைக் கயிறு கட்டும்போதுகூட ஒரு டப்பாவையும் திறக்கவில்லை. சீட்டுகள் அத்தனையும் என் மேஜையில் இருக்கின்றன. அவர் நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் லிப்டைப் பார்க்க வருகிறார்.

(அ) சீட்டுகளைக் கொடுக்கிறேன். படிக்கிறார். ஏமாந்தவள் என்று நினைத்தவள் ஏமாறவில்லை என்று தெரிகிறது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்குகிறது. கண்ணீர், அதில் ஒரு புன்னகை. பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். பக்கத்திலேயே ஒரு ஓவியமும் போடுவார்.

(ஆ) சீட்டுகளைக் கொடுக்கிறேன். படிக்கிறார். தான் லிப்ட் அறையில் ஒளிந்துகொண்டிருந்த ஒவ்வொரு பகலிலும் அவள் அந்தச் சோபாவில் தனியாக உட்கார்ந்து சாவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிகிறது. பேச ஆளில்லாமல் படிவத்தோடு பேசியிருக்கிறாள். பொய் சொன்னவன் என்ற குற்றமாவது தாங்கக்கூடியது. தனியே விட்டவன் என்பது? அப்புறம், 'சரியாயிடுச்சு' என்று அவர் மகிழ்ந்த பத்து நாட்கள். பிளேயர் ஏன் சரியானது என்று அவருக்குப் புரியும். வயரை மாற்றியவருக்குப் புரியாமல் போகாது.

(இ) கொடுக்கவில்லை. எரிக்கிறேன், அல்லது கிழிக்கிறேன், அல்லது புத்தகத்துக்குள் வைத்துவிட்டு எந்தப் புத்தகம் என்று மறக்கிறேன். 'மௌனத்தின் அடர்த்தி' என்று யாராவது முன்னுரை எழுதுவார்கள்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். (அ)வை எழுதும்போது கைக்கு ருசியாக இருந்தது, அதனாலேயே சந்தேகம். (ஆ)வை எழுதும்போது பாதியில் எழுந்துவிட்டேன். ஒரு மணி முப்பத்தொன்றில் நிறுத்துகிற வியாதி தொற்றுகிறது போலிருக்கிறது. (இ) கோழைத்தனம், ஆனால் கோழைத்தனத்துக்கு இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இரண்டு பேர் அதிகம்.

ஆகவே ஒன்று செய்கிறேன். என் இடுப்புவலிக்குப் பேசாமல் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் போங்கள்.

காலை பத்து மணி. கீழ்த்தளம். சீட்டுகள் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றி உங்கள் சட்டைப்பையில் இருக்கின்றன. காமெடிச் சீட்டு மேலாக, பென்சில் எழுத்து வெளியே தெரிய. அவர் உள்ளே நிற்கிறார். முகம் பூட்டின கடைதான், ஆனால் உங்களைப் பார்த்ததும் கதவைக் காலால் தடுத்துக்கொள்கிறார். ஏறிக்கொள்கிறீர்கள். எந்த மாடி என்று கேட்கிறார். சொல்கிறீர்கள். அவர் சட்டத்திலிருந்து படிவத்தை எடுத்து, நீலப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுகிறார். கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் துடைத்துக்கொள்கிறார். பேனா மேல் கட்டத்தில் ஓடுகிறது, இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் நிற்கிறது. உங்களைத் திரும்பிப் பார்க்கிறார், ஏதோ சொல்ல வந்தீர்களே என்பதுபோல.

கோளாறு: ஒன்றும் இல்லை.

எடுத்த நடவடிக்கை: